ஏழாவது இலை

என் வாயைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மிஸ்ஸி வருகிறாள் என்றால் ஸ்கூட்டர் சத்தத்துக்கு முன்னால் அவள் சத்தம் வந்துவிடும் என்று கேலி பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும். நான் இந்த வட்டாரத்து மருத்துவிச்சி, ஊருக்கு மிஸ்ஸி. ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒளிந்து கிடக்கிற இந்த வீடுகளில் பாதிப் பிள்ளைகளைத் தொப்புள் காயாத நாளிலிருந்து எனக்குத் தெரியும். வாய் இல்லாமல் இந்த வேலையைச் செய்ய முடியுமா என்ன?

ஆனால் போன மாதம் அந்த வாயைக் கட்டிக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆரம்பித்து வைத்தவள் சோமலதா. சந்தியில் கடை வைத்திருக்கிறாளே, அவள்தான். நல்ல ஆகிருதி. மாவு மூட்டையை ஆள் கூப்பிடாமல் தானே தூக்கி இறக்குவாள். அன்று நடு ரோட்டில் நின்று கையை நீட்டி என் ஸ்கூட்டரை மறித்தாள்.

"மிஸ்ஸி, உங்களுக்கு விஷயம் தெரியுமா தெரியாதா? என் தம்பி பொண்டாட்டி புள்ளைக்கு டின் பால் குடுக்கிறா!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருக்கீங்க? மத்த பொண்ணுங்க டின்னை மோந்து பார்த்தாக்கூட அவங்க தலையில ஏறி உக்காருவீங்களே!"

"வழிய விடு சோமலதா. எனக்கு இன்னும் மூணு வீடு இருக்கு."

"கண்ணு பட்டிருக்கு மிஸ்ஸி. புள்ளை பொறந்தப்ப வந்து பார்த்தவளுக எவளோ ஒருத்தி கண்ணு வெச்சிருக்கா. அதான் பால் வத்திப்போச்சு. இல்லைன்னா..." குரலைத் தாழ்த்தினாள். அவள் தாழ்த்தினாலும் அடுத்த கடை வரை கேட்கும். "இல்லைன்னா, அழகு கெட்டுப்போகும்னு குடுக்காம இருக்கா. ஊர் அப்படித்தான் பேசுது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாக்கு நுனி வரைக்கும் ஒரு பதில் வந்துவிட்டது. மென்று விழுங்கினேன்.

"ஞாயித்துக்கிழமை விடியக்காலை பாலம்மா தானம் வெக்கிறேன்," என்றாள் சோமலதா. "பால் குடுக்கிற தாய்மார் ஏழு பேருக்குச் சொல்லியாச்சு. நில்மினிக்குப் பால் அப்படிச் சுரக்குது. வாழ்த்தி முடிஞ்சதும் அவ நம்ம புள்ளையை எடுத்து ஒரு தடவை குடுப்பா. ருசி கண்டுட்டான்னா அப்புறம் டின்னைத் தொடுவானா? நீங்களும் வரணும், சொல்லிட்டேன்."

பாலம்மா தானம் எங்கள் ஊரில் புதிதல்ல. பிள்ளைக்கு நோய் நொடி வந்தால், இல்லை தேறாமல் இருந்தால், பால் கொடுக்கிற தாய்மார் ஏழு பேரை அழைத்து, பாய் விரித்து, வெள்ளைத் துணி போட்டு உட்கார வைத்து, இலையில் பால்சோறும் வாழைப்பழமும் கெவும் பலகாரமும் பரிமாறுவோம். அவர்கள் பிள்ளையைத் தொட்டு வாழ்த்திவிட்டுப் போவார்கள். ஆம்பளை வாசம் அந்தப் பக்கமே இருக்கக் கூடாது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் தானம் என்றாலும் பால்சோறு கிண்டுவது சோமலதாதான். அவள் கைப் பக்குவம் யாருக்கும் வராது. கிண்டுவாள், தட்டில் பரப்பித் துண்டு போடுவாள், பரிமாறுவாள், கடைசியில் பாத்திரமும் கழுவுவாள். ஆனால் அந்தப் பாயில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அவளுக்குப் பிள்ளை இல்லை.

நான் சொல்லிப் பார்த்தேன். "அடுத்தவங்க பாலை அப்படிச் சட்டுன்னு குடுக்கக் கூடாது சோமலதா. அந்தத் தாய்க்கு என்ன நோய் இருக்கு, என்ன மருந்து குடிக்கிறா, பரிசோதனை பண்ணாம எப்படி?"

"நில்மினியைப் பரிசோதிக்கணுமா? நல்லா இருக்கே நியாயம்! அந்த டின்னுக்குள்ள இருக்கிற பாலைக் கறந்த மாட்டை யாராவது பரிசோதிச்சீங்களா?"

இவளிடம் பேசி ஜெயிக்க முடியாது. ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு நேராக இரேஷா வீட்டுக்குப் போனேன்.

இரேஷா என்கிற அந்தத் தம்பி பொண்டாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குருவி மாதிரி ஒரு பெண். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் நான் முதல் தடவை பார்க்கப் போனபோது, அந்த வெக்கையிலும் கழுத்து வரை சட்டை போட்டு, அதன் மேல் துண்டு வேறு போர்த்தியிருந்தாள். பிள்ளை பசியில் கத்திக்கொண்டிருந்தது. "எடுத்துக் குடு நங்கி," என்றேன், தங்கச்சியைக் கூப்பிடுவது போல. அவள் புருஷன் சுமித்தைப் பார்த்தாள். அவன் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் நின்றான். அதன் பிறகும் அவள் கை சட்டைப் பொத்தானைத் தொடவில்லை.

"வார்டுல ஒரு நர்ஸ் துணியை இழுத்துட்டாங்க மிஸ்ஸி. நோயாளி பாக்க வந்தவங்க எல்லாரும் இருந்தாங்க. எல்லாரும் பார்த்தாங்க."

"நான் இழுக்க மாட்டேன். நீ காட்டினா பாப்பேன். காட்டலைன்னா, பார்க்காமலே என்ன செய்யலாம்னு யோசிப்போம்," என்றேன்.

கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு அவளாகவே காட்டினாள். சின்ன வயதில் படித்துக்கொண்டிருந்தபோது மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு மடியில் சாய்ந்து சட்டை பற்றியிருக்கிறது. வலப்பக்க மார்பு முழுவதும் சுருங்கி, இறுகி, மினுமினுவென்று கிடந்தது. காம்பு என்று ஒன்று அங்கே இல்லை. இடப்பக்கம் நன்றாக இருந்தது. பால் கட்டி, சட்டையெல்லாம் நனைந்து, பாவம், கல் மாதிரி கனத்துக் கிடந்தது.

அன்று பிள்ளையை அந்தப் பக்கத்தில் சேர்த்துப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். வாயை அகலத் திறக்கும்வரை காத்திரு, முகவாய் மார்பில் முட்டட்டும், கீழ் உதடு வெளியே மடியட்டும் என்று. பயல் கவ்விக்கொண்டான். அவன் விழுங்குகிற சத்தம் கேட்டதும் அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே. நான் திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். எனக்கும் கண் கலங்கும், மனுஷிதானே.

சில பேருக்கு ஒரு பக்கமே தாராளமாகப் போதும். இவளுக்குப் போதவில்லை. தராசில் பிள்ளையின் எடை ஏற மறுத்தது. கிளினிக் டாக்டரும் பார்த்தார், கொஞ்சம் மேல்பால் சேர்க்கலாம் என்றார். நான் அவளிடம் எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். இன்னும் அடிக்கடி மார்பில் போட்டுப் பார்க்கலாம், பால் கூடினாலும் கூடும், ஆனால் நீ தூங்க முடியாது. இல்லை, முதலில் மார்பு, பிறகு மீதிப் பசிக்குக் கோப்பையில் பால்மா. இல்லை, முழுக்கக் கோப்பைதான் என்றாலும் நான் உன்னைக் கோபிக்க மாட்டேன். "இதுல உனக்கு என்ன வேணும் நங்கி?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அதுவரை அவளிடம் யாரும் அப்படிக் கேட்டிருக்கவில்லை போல.

"இருக்கிறதை நானே குடுக்கணும். இல்லாததைக் கோப்பை குடுக்கட்டும். அவன் வயிறு நெறையணும். ஆனா இது யாருக்கும் தெரியக் கூடாது."

"தெரிய வராது," என்றேன்.

கிளினிக் சுவர் பூராவும் தாய்ப்பால் போஸ்டர்தான். ஒட்டியவளும் நான்தான். அதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் போஸ்டரில் இருக்கிற அம்மாவுக்கு ரெண்டு பக்கமும் நன்றாக இருக்கிறது.

அப்படி ஓடிக்கொண்டிருந்தது வண்டி. பயல் தேறினான், கன்னம் வைத்தான். தினுக என்று பேர் வைத்தார்கள். அந்த நேரத்தில்தான் சோமலதா அடுப்படியில் டின்னைப் பார்த்துவிட்டாள்.

சோமலதா என்னை மறித்த அன்று நான் போனபோது இரேஷாவுக்குத் தானத்தைப் பற்றி முன்பே தெரிந்திருந்தது. பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"வாழ்த்தட்டும் மிஸ்ஸி, எனக்குச் சந்தோஷம்தான். ஆனா இன்னொருத்தி மார்ல இவனைப் போட நான் விடமாட்டேன். எனக்கு இருக்கிறதே ஒண்ணு. அதை விட்டு இவன் அந்தப் பக்கம் போயிட்டா?" என்றாள். "திரும்ப என்கிட்ட வருவானா?"

"நான் போய் சோமலதாகிட்ட உள்ளதைச் சொல்லவா? ஒரே நிமிஷத்துல அடங்கிடுவா."

"ஐயோ வேண்டாம்! சத்தியமா வேண்டாம். அக்கா நல்லவங்கதான். ஆனா அவங்களுக்குத் தெரிஞ்சா கடைக்குத் தெரியும், கடைக்குத் தெரிஞ்சா பஸ்ஸுக்குத் தெரியும்."

"சுமித் சொல்லட்டுமே, தானம் வேண்டாம்னு?"

"அவரை வளர்த்ததே அக்காதான். அவங்க முன்னாடி அவருக்குப் பேச்சே வராது."

இவளுடைய ரகசியத்தையும் காக்க வேண்டும், பிள்ளையையும் இன்னொருத்தி கைக்குப் போகாமல் காக்க வேண்டும். எப்படியடி என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. "ஞாயித்துக்கிழமை நான் உன் பக்கத்துல உக்காந்திருப்பேன். நீ விரும்பாத எதுவும் நடக்க விடமாட்டேன்," என்று மட்டும் சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன். என்ன செய்வதென்று எனக்கே தெரியாது.

ஞாயிறு விடிகிற நேரம் பனி இன்னும் ரப்பர் மரங்களில் தொங்கிக்கொண்டிருந்தது. சுமித்தையும் மற்ற ஆண்களையும் சோமலதா சந்திக்கு விரட்டிவிட்டாள். வீடு பூராவும் தேங்காய்ப்பால் வாசம். முன்னறையில் புதுப் பாய், அதன் மேல் வெள்ளைத் துணி, வரிசையாக ஏழு வாழையிலை. ஓரத்தில் தேங்காயெண்ணெய் விளக்கு. சோமலதா வேர்த்து விறுவிறுத்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அரசி மாதிரி கட்டளை போட்டுக்கொண்டிருந்தாள். நான் சொன்னபடி இரேஷா பக்கத்தில் சுவரோரம் உட்கார்ந்தேன்.

பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து கால் கழுவி உட்கார்ந்தார்கள். நில்மினி, அனோமா, மேட்டு வீட்டு அக்கா தங்கை ரெண்டு பேர், இன்னும் ரெண்டு பேர். ஏழாவதாகக் குசும். வந்ததும் வராததுமாக இலையைத் துடைத்துவிட்டு, கெவும் தட்டு எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடினாள்.

சோமலதா விளக்கை ஏற்றினாள். அப்போது அனோமா மெல்லச் சிரித்தாள்.

"ஏண்டி குசும், உன் மகன் பால் மறந்துட்டானாமே?"

குசும் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "யாரு சொன்னா?"

"உன் மகனே சொன்னான். 'அம்மா கத்தாழை தடவிட்டா, தூ தூ'ன்னு எங்க வீட்டு வாசல்ல நின்னு துப்பிக் காட்டுறான்!"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். சோமலதா சிரிக்கவில்லை.

"குசும்! உண்மையா?"

"போன வாரம்தான்க்கா... இன்னும் கொஞ்சம் ஊறிக்கிட்டுதான் இருக்கு..."

"ஊறுதாம்! பால்சோத்துக்கு ஆசைப்பட்டுப் பொய் சொல்லி வந்து உக்காந்திருக்கியே, வெக்கமா இல்லை? எந்திரி! எந்திரிடி!"

குசும் எழுந்து சுவரோரமாக ஒட்டிக்கொண்டாள். ஆறு பெண்கள், ஏழு இலை. விளக்கு ஏற்றியாகிவிட்டது. ஏற்றியதை அணைத்துவிட்டு இன்னொரு நாள் வைக்கலாம் என்பதெல்லாம் எங்கள் வழக்கத்தில் இல்லை. அது பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். சோமலதா கைகளைப் பிசைந்தாள். அவ்வளவு பெரிய உடம்பு அப்படித் தவித்து நான் பார்த்ததே இல்லை.

"இப்ப ஏழாவது ஆளுக்கு நான் எங்க போவேன்? பக்கத்துல கைப்புள்ளைக்காரி யாருமே இல்லையே! ஐயோ, என் தம்பி புள்ளைக்கு ஏன் இப்படித் தடங்கல் மேல தடங்கல்..."

இந்தக் கலவரத்தில் தினுக விழித்துக்கொண்டான். பசி. வீறிட்டு அழுதான். நில்மினி இருந்த இடத்திலிருந்தே நல்ல மனசோடு ரெண்டு கையையும் நீட்டினாள். "குடு நங்கி. அழ விடாத. நான் குடுக்கிறேன்."

"ஆமா, குடு குடு," என்றாள் சோமலதா. "அதாவது நடக்கட்டும்."

இரேஷா பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"என்ன இது பிடிவாதம்? உனக்குத்தான் இல்லை, இருக்கிறவ குடுக்கிறா. உன் டின்னை விட அது மேல்தானே? பெத்தவளுக்குப் புள்ளை பசி தெரியலைன்னா..."

என் வாய் திறந்தேவிட்டது. "சோமலதா!" என்றேன். அடுத்த வார்த்தை பல்லுக்குப் பின்னால் நின்றது. ஒரே ஒரு வாக்கியம் போதும், சோமலதா சுருண்டு விழுவாள். எனக்கும் நெஞ்சு ஆறும். ஆனால் அந்த வாக்கியம் என்னுடையது இல்லையே. அந்தத் தழும்பு இரேஷாவுடையது. அதைச் சொல்வதும் சொல்லாததும் அவள் இஷ்டம். நான் சொல்லிவிட்டால் வார்டில் துணியை இழுத்தவளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

இரேஷா பக்கம் திரும்பினேன். அன்றைக்குக் கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன்.

"உனக்கு என்ன வேணும் நங்கி? நீ சொல்லு. எதுன்னாலும் நான் பக்கத்துல இருக்கேன். எந்திரிச்சுப் போயிடலாம்னாலும் சரி, ஸ்கூட்டர் வெளியதான் நிக்குது."

அவள் என்னைப் பார்த்தாள். காலியாகக் கிடந்த ஏழாவது இலையைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். கதவுப் பக்கம் போகிறாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் நேராகப் போய் அந்த இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா," என்றாள். "நானும் பால் குடுக்கிறவதான்."

துண்டை எடுத்தாள். பொத்தான்களைக் கழற்றினாள். ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கலாம், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அவள் முழுவதும் திறந்தாள். பிள்ளையை இடப்பக்கம் சேர்த்தாள். அவன் அகலமாக வாயைத் திறந்து கவ்விக்கொண்டான். அழுகை நின்றது. அவன் விழுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

மேட்டு வீட்டு இளையவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யாரு... யாரு உன்னை இப்படிப் பண்ணினது?" என்று கேட்டாள் சோமலதா.

"யாரும் இல்லைக்கா. குப்பி விளக்கு. படிக்கிற வயசுல."

"சுமித்துக்குத் தெரியுமா?"

"அவருக்குத் தெரியும். அவர் ஒருநாளும் முகம் சுளிச்சதில்லை."

சோமலதா அப்படியே தூணில் சாய்ந்தாள். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேடி. ஊர்ல எவளெவளோ பேசினதை எல்லாம் நானும் சேர்ந்து... அட கடவுளே, என் வாயில மண்ணைப் போட!"

"போதும், அடுப்புல கருகுது பாரு," என்றாள் நில்மினி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. பிறகு இரேஷாவின் தலையைத் தடவினாள். "எங்களுக்கு ரெண்டு இருந்தும் ஆயிரம் முணுமுணுப்பு. நீ ஒண்ணை வெச்சுக்கிட்டு இவனை இந்தக் கன்னம் வெக்க வெச்சிருக்கியே!"

சோமலதா பால்சோற்றுத் தட்டை எடுத்து வந்தாள். வழக்கமாக மூத்தவள் இலையிலிருந்துதான் ஆரம்பிப்பாள். அன்று மற்ற ஆறு இலையையும் தாண்டி வந்து, இரேஷா இலையில் நடுத்துண்டைப் பார்த்து வைத்தாள். கெவும் ரெண்டு வைத்தாள். போதாதென்று இன்னொன்றும் வைத்தாள். சுவரோரம் நின்ற குசும், "எனக்கு?" என்று முனகினாள். "உனக்குக் கத்தாழை இருக்கு," என்றாள் அனோமா. எல்லாரும் சிரித்தோம், அழுகையோடு சேர்த்து.

ஏழு பேரும் பிள்ளையைத் தொட்டு வாழ்த்தினார்கள். நீண்ட ஆயுசாய் இரு, நோயற்று இரு என்று. இரேஷா தன் பிள்ளையைத் தானே வாழ்த்தினாள்.

கொஞ்ச நேரத்தில் தினுக மார்பை விட்டுவிட்டுச் சிணுங்க ஆரம்பித்தான். சோமலதா பதறினாள்.

"ஏன்? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லைக்கா. இவ்வளவுதான் வரும். மீதிக்குத்தான் அந்தக் கோப்பை." இரேஷா பொத்தானைப் போட்டுக்கொண்டாள். சோமலதாவை ஒரு கணம் பார்த்தாள். "அக்கா, அதை நீங்க குடுக்கிறீங்களா?"

"நானா?"

"நீங்கதான்."

நான் கை கழுவி, கொதித்த தண்ணீரில் பால்மாவை அளந்து கரைத்து, ஆறவைத்து, சின்னக் கோப்பையில் ஊற்றிக் கொண்டுவந்தேன். சோமலதா பிள்ளையை வாங்கிக்கொண்டு நின்றாள். மூட்டை தூக்குகிற அந்தக் கை அவன் தலையைப் பார்த்துப் பார்த்துத் தாங்கியது.

"ஊத்தாத," என்றேன். "கோப்பையைக் கீழ் உதட்டுல தொட்டு வெச்சுக்கோ. அவனே நக்கிக் குடிப்பான். அவன் நிறுத்தினா நீயும் நிறுத்து. அப்புறம், நின்னுக்கிட்டே குடுத்தா புரையேறும். உக்காரு."

சோமலதா நாற்காலி தேடினாள். அன்று முன்னறையில் நாற்காலி ஏது? எல்லாவற்றையும் பாய் விரிப்பதற்காக அவள்தான் வெளியே எடுத்துப் போட்டிருந்தாள். அவள் பாயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எத்தனை தானம், எத்தனை வருஷம்... நான் அங்க உக்காரக் கூடாது மிஸ்ஸி. நான்..."

இரேஷா தன் இலையைச் சற்றே இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். அதைப் பார்த்து நில்மினி நகர்ந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் நகர்ந்தார்கள். வெள்ளைத் துணியில் ஒரு ஆள் இடம் உண்டானது.

சோமலதா உட்கார்ந்தாள். கோப்பையை அவன் உதட்டில் தொட்டாள். குட்டி நாக்கு வெளியே வந்து பாலை நக்கியது. ஒரு தடவை, இன்னொரு தடவை.

"குடிக்கிறான் மிஸ்ஸி," என்றாள், கண்ணீர் முகவாயில் வழிய வழிய. "எங்கிட்ட குடிக்கிறான்."